டிஃப் லாக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும்: கரடுமுரடான பாதையில் எதை, எப்போது, எப்படிப் பயன்படுத்துவது

நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டாயிற்று, லோ ரேஞ்சும் (வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும் தாழ்ந்த கியர் நிலை) விழுந்தாயிற்று. ஆனாலும் வண்டி குறுக்குப் பள்ளத்தில் நின்றுவிட்டது. இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் காற்றில் சும்மா சுற்றுகின்றன. தரையில் அழுத்தமாக ஊன்றியிருக்கும் மற்ற இரண்டும் அசைய மறுக்கின்றன. டிஃப் லாக், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டும் தீர்க்க வந்தது இந்தச் சிக்கலைத்தான். தீர்க்கும் வழி வேறு. அதைவிட முக்கியமாக, தீர்க்கும் நேரம் வேறு. லாக்கர், அதாவது டிஃப் லாக், என்பது சக்கரம் வழுக்குவதற்கு முன்பே ஓட்டுநர் எடுக்கும் முடிவு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது சக்கரம் வழுக்கிய பிறகு வண்டி எடுக்கும் முடிவு. ஆக்சிலேட்டரை எப்படி மிதிப்பது என்பதிலிருந்து, எதற்குப் பணம் செலவழிப்பது என்பதுவரை எல்லாமே இந்த வேறுபாட்டைப் பொறுத்ததுதான்.

படி 1: ஓப்பன் டிஃபரன்ஷியல் ஏன் கைவிடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கி வைத்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். அதனால்தான் ஆக்சிலின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. எஞ்சின் சக்தியை ஆக்சிலுக்குள் வாங்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் சிறிய பல்சக்கரங்கள் உண்டு. அவை இருபுறமும் உள்ள சைடு கியர்களோடு கோத்துக்கொண்டு, ஒரு பக்கம் வேகமாகப் போனால் மறுபக்கம் அதே அளவுக்கு மெதுவாகப் போக இடம் கொடுக்கின்றன.

'டிஃபரன்ஷியல் எல்லா சக்தியையும் வழுக்குகிற சக்கரத்துக்கே அனுப்பிவிடுகிறது' என்று பலரும் சொல்வார்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது பூட்டு எதுவும் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல், இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழ சமமான முறுக்குவிசையைத்தான் எப்போதும் கொடுக்கிறது. வினையே அந்தச் சமத்தில்தான். கயிறு இழுக்கும்போது எதிரில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டால் நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கயிற்றில் இழுப்பு ஏறாது அல்லவா, அதே கதை. காற்றில் தொங்கும் சக்கரம் எந்த எதிர்ப்பும் காட்டுவதில்லை. அந்தப் பக்கம் முறுக்குவிசை பூஜ்ஜியத்துக்கு அருகில். சமமாகப் பிரிக்கவேண்டும் என்பதால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே பூஜ்ஜியம்தான். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் சாதாரண பார்ட்-டைம் வண்டிகளில், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் பிடி இழந்தால்தான் வண்டி நிற்கும். எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் ஃபுல்-டைம் வண்டிகளில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதைப் பூட்டாமல் விட்டால், வேறு உதவி எதுவும் இல்லாத வண்டியில் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலே போதும், எல்லாம் நின்றுவிடும். ஆகவே சென்டர் டிஃப் லாக் இருக்கும் வண்டி என்றால் முதலில் பூட்டவேண்டியது அதைத்தான். முன், பின் லாக்கர் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

படி 2: டிராக்‌ஷன் கன்ட்ரோல் செய்யும் வேலையைக் கணக்காகப் பாருங்கள்

டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனி இயந்திரம் எதுவும் ஆக்சிலுக்குள் இல்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் இறுகிவிடாதபடி தடுக்கும் அமைப்பு) வேலை செய்ய ஏற்கெனவே வைத்திருக்கும் வீல் ஸ்பீடு சென்சார்களும் ஹைட்ராலிக் பம்பும்தான் இங்கேயும் உழைக்கின்றன. நான்கில் ஒரு சக்கரம் மற்றவற்றைவிட மிக வேகமாகச் சுற்றுவதை சென்சார் கண்டுபிடித்ததும், பம்ப் அந்த ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. பிடித்ததும் அந்தப் பக்கம் எதிர்ப்பு உண்டாகிறது. டிஃபரன்ஷியல் வழக்கம்போல அதே அளவு முறுக்குவிசையை மறுபக்கத்துக்கும் கொடுத்துவிடுகிறது. டிஃபரன்ஷியலை அதன் குணத்தை வைத்தே மடக்குகிற வேலை. டொயோட்டா இதை ஏ-டிராக் என்கிறது, சுசுகி ஜிம்னியில் பிரேக் எல்எஸ்டி, வேறு சில வண்டிகளில் பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல். பெயர்ப் பலகை எதுவானாலும் அடியில் நடப்பது இதுவே. பெயரில் 'லாக்கிங்' என்று இருப்பதால் உள்ளே லாக்கர் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. தரையில் இருக்கும் சக்கரம் அந்த மேட்டில் ஏற 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறு சக்கரம் காற்றில். டிராக்‌ஷன் கன்ட்ரோல் வழியாகப் போனால், தொங்கும் சக்கரத்தின் பிரேக் 1,000 அளவுக்கு இறுக்கிப் பிடிக்கவேண்டும். கிரவுன் வீலுக்கு வந்து சேரவேண்டியது 2,000. லாக்கர் போட்டிருந்தால் 1,000 போதும், அது முழுவதும் பிடியுள்ள சக்கரத்துக்கே போகும். இரண்டு ஆக்சிலிலும் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் இந்த இரட்டிப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது. சிறிய எஞ்சின், லோ ரேஞ்சில் போதுமான கியர் குறைப்பு இல்லாத வண்டி, அதோடு பெரிய டயர் என்றால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்யும்போது எஞ்சின் திணறி அணைந்துபோவது இதனால்தான். அப்புறம், பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பதால் அந்த ஆற்றல் டிஸ்கில் வெப்பமாகிறது. தொடர்ந்து இப்படி ஏறினால் அமைப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆறும்வரை உங்களுக்கு மிச்சம் ஓப்பன் டிஃபரன்ஷியல் மட்டுமே.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. தார்ச்சாலைக்கான டிராக்‌ஷன் கன்ட்ரோல், சக்கரம் வழுக்கினால் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். மழையில் அது உயிர் காக்கும். மணலில் அது வண்டியைப் புதைக்கும். காட்டுப்பாதைக்கு வேண்டியது பிரேக்கை மட்டும் பயன்படுத்தி, எஞ்சினைத் தொடாமல் விடும் வகை. பல வண்டிகளில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கித் திசைமாறாமல் காக்கும் அமைப்பு) பொத்தானை அணைத்தால் எஞ்சினை ஒடுக்கும் பகுதி மட்டும் நிற்கும், பிரேக் பகுதி தொடர்ந்து வேலை செய்யும். 4எல் (நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச்) போட்டதும் தானாகவே இப்படி மாறிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டியில் அந்தப் பொத்தான் எதை நிறுத்துகிறது, எதை விட்டுவைக்கிறது என்பதைக் கையேட்டில் தேடிப் படித்துவிடுங்கள். பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் ஒன்று, தட்டிவிட்டால் வேறொன்று என்று வைத்திருப்பார்கள்.

படி 3: லாக்கர்களில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லாக்கர் என்றால் எளிமையான பொருள்: இரு பக்க ஆக்சில் ஷாஃப்டுகளையும் ஒன்றாகக் கட்டி, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சாதனம். ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் மற்றது அதே வேகத்தில் தரையைத் தள்ளியே தீரும்.

நாமே போட்டு எடுக்கும் வகைதான் இவற்றில் மேலானது. ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் காற்றழுத்தத்தில் வேலை செய்யும். சிறிய கம்ப்ரசர் ஒன்று ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்க, உள்ளிருக்கும் வளையம் நகர்ந்து கியர்களைப் பூட்டிவிடும். மின்காந்தத்திலோ சிறிய மோட்டாரிலோ பூட்டும் மின் லாக்கர்களைத்தான் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வரும் வண்டிகளில் அதிகம் பார்க்கலாம். ஃபோர்ஸ் குர்காவில் போல லீவரை இழுத்துப் பூட்டும் இயந்திர முறையும் உண்டு. கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் நடு, பின், முன் என்று மூன்று லாக்கர்கள். ஜீப் ராங்லர் ரூபிகான் 2003-இல் வந்தபோதே முன்னாலும் பின்னாலும் லாக்கரோடுதான் வந்தது.

தானியங்கி லாக்கர்கள் வேறு ரகம். டெட்ராய்ட் லாக்கர் போன்றவை சாதாரணமாகப் பூட்டியே இருக்கும். திரும்பும்போது மட்டும் வெளிச்சக்கரம் வேகமாக ஓட விட்டுக்கொடுக்கும். சாலையில் டக் டக்கென்று சத்தம் வரும், ஸ்டியரிங் சில நேரம் இழுக்கும். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) குறைவான வண்டியில், அதுவும் ஈரச் சாலையில், பின்பக்கம் திடீரென விலகுவது புதியவர்களுக்கு ஆபத்து. ஈட்டன் தயாரிக்கும் எம்லாக்கர் இதற்கு நேர்மாறு: சாதாரணமாகத் திறந்திருக்கும், இடது வலது சக்கரங்களுக்கிடையே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபாடு வந்ததும் தானே பூட்டிக்கொள்ளும், ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. வசதியானது என்றாலும், அதுவும் சக்கரம் வழுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்கிறது என்பதால் ஓட்டும் முறையில் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு நெருக்கமானது. பூட்டும்போது வரும் 'டம்' என்ற அதிர்வுக்குத் தயாராக இருங்கள்.

இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டை ஓரளவுக்கு மட்டும் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை லாக்கர் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளட்ச் தட்டுகள் உள்ள வகை தேயத் தேய ஓப்பன் டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடும். டோர்சன் போன்ற ஹெலிகல் கியர் வகை, பிடி குறைந்த சக்கரத்தில் இருக்கும் முறுக்குவிசையைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்கித்தான் மறுபக்கம் கொடுக்கும். பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம்தானே. சக்கரம் முழுவதுமாகத் தூக்கிக்கொண்டால் அதனால் பெரிய பயனில்லை. அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலேட்டர் கொடுத்தால் தொங்கும் சக்கரத்தில் கொஞ்சம் எதிர்ப்பு உண்டாகி மறுபக்கம் உயிர்பெறும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் செய்வதைக் காலால் செய்வது இது.

மின்சார வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரிவியன் ஆர்1டி-யின் நான்கு மோட்டார் வகையில் போல சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைத்தால் டிஃபரன்ஷியலே தேவையில்லை, ஒவ்வொரு சக்கரத்தையும் மில்லி விநாடிகளில் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஒரு சக்கரத்துக்கு அதன் சொந்த மோட்டாரின் பலம்தான் கிடைக்கும். சும்மா இருக்கும் மற்ற மோட்டாரின் பலத்தைக் கடன் வாங்க முடியாது. லாக்கர் போட்ட ஆக்சிலில் மொத்தமும் ஒரே சக்கரத்துக்குப் போகலாம்.

படி 4: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று சோதியுங்கள்

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். சமதளத்தில், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நான்கு சக்கர இயக்கம் 2ஹெச்-ல் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) இருக்கட்டும். பின் ஆக்சிலை இருபுறமும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம். மேனுவல் வண்டியை கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன். லாக்கர் பூட்டியிருந்தால் இரண்டுமே அசையாது. லேசாக எதிர்த்துக்கொண்டு சுற்றினால் லிமிடெட் ஸ்லிப்பாக இருக்கலாம்.

எந்தக் காரணம் கொண்டும் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிச் சோதிக்காதீர்கள். உள்ளே லாக்கர் இருந்தால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து இறங்கும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலைச் சோதிக்க ஆழமில்லாத குறுக்குப் பள்ளம் ஒன்றே போதும். 4எல், முதல் கியர், சக்கரம் தூக்கும்வரை மெதுவாகப் போய், அங்கே நிலையாக மிதித்துப் பாருங்கள். எத்தனை நேரம் சக்கரம் சுற்றிய பிறகு 'கர்ர்' என்ற பம்ப் சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை இந்த இடைவெளி வெகுவாக மாறியிருக்கிறது. பழைய தலைமுறைச் சென்சார்கள், சக்கரம் மிக மெதுவாகச் சுற்றும்போது போதுமான சமிக்ஞை தராதவை. இப்போதைய சென்சார்கள் வண்டி நிற்கும் நிலைவரை படிக்கும். 2004-இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் வந்ததிலிருந்து, மணல், சேறு, பாறை என்று நிலத்துக்கு ஏற்ப எவ்வளவு வழுக்கலைப் பொறுத்துக்கொள்வது என்பதையும் மாற்ற முடிகிறது. பழைய தலைமுறை வண்டியின் டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் வேலைக்காகாது' என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

படி 5: டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு ஓட்டும் முறை

மாட்டிக்கொண்ட பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதும் காலை எடுத்துவிடுவது மனித இயல்பு. காலை எடுத்ததும் சக்கர வேகம் சமமாகிவிடும், கணினி 'சரி, பிரச்சினை தீர்ந்தது' என்று பிரேக்கை விட்டுவிடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மறுபடி மிதித்தால் மறுபடி முதலிலிருந்து.

பள்ளத்துக்குள் நுழையும் முன்பே 4எல் போட்டு, தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுங்கள். முறுக்குவிசை இரட்டிப்பாகத் தேவைப்படும் என்று படி 2-இல் பார்த்தோமே, அதைக் கொடுக்கப்போவது லோ ரேஞ்ச்தான். மெதுவாக ஆனால் நிற்காமல் உள்ளே போங்கள். ஊர்ந்து போவதைவிடச் சற்றுக் கூடுதலான வேகம் இங்கே உதவும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை அதே இடத்தில் அசையாமல் பிடித்திருங்கள். டீசல் வண்டியில் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் பெரும்பாலும் போதும். பம்ப் சத்தம் வரும், வண்டி ஒரு கணம் தயங்கும், அப்புறம் பிடித்து ஏறும். அந்தத் தயக்கத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் மொத்த வித்தையும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கொஞ்சமாக, படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென முழுதாக மிதித்தால், தொங்கும் சக்கரம் மிக வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிரேக் சடாரென்று பிடித்து, மறு சக்கரத்துக்கு அந்த அதிர்ச்சி அப்படியே போகும். லாக்கர் இல்லாத வண்டியிலும் ஷாஃப்ட் உடைய இது ஒரு வழி.

நான்கைந்து விநாடி நிலையாக மிதித்தும் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள். பின்னால் வந்து, அரை டயர் அகலம் பக்கவாட்டில் தள்ளி வேறு தடத்தில் போங்கள். அதே குழியை ஆழப்படுத்துவதில் பயனில்லை.

படி 6: லாக்கரோடு ஓட்டும் முறை

இங்கே எல்லாமே தலைகீழ். தடையைப் பார்த்ததும், அதற்கு முன்பே, வண்டி நின்றபடியோ நடை வேகத்திலோ இருக்கும்போது லாக்கரைப் போடுங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போடவே கூடாது. ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் நிற்க, நடுவில் பற்கள் மோதினால் முதலில் உடைவது லாக்கர்தான். ஏற்கெனவே சுற்றவிட்டீர்கள் என்றால் காலை முழுவதும் எடுத்து, சக்கரம் நின்றதும் போடுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் பூட்டிவிட்டது என்று எண்ணவேண்டாம். பல வண்டிகளில் டேஷ்போர்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் இன்னும் கோத்துக்கொள்ளவில்லை, நிலையாக எரிந்தால்தான் பூட்டியது. ஓரிரு அடி நகர்த்தினாலோ ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினாலோ பற்கள் பொருந்திவிடும். எடுக்கும்போதும் இதே கதை: ஷாஃப்டுகள் முறுக்கேறி இருந்தால் பொத்தானை அணைத்தும் விடாது, நேராக்கி, கொஞ்சம் பின்னால் வந்தால் விடும்.

பூட்டிய பிறகு வேகம் தேவையில்லை. லாக்கர் கொடுக்கும் பெரிய லாபம் வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது என்பதைவிட, அதே இடத்தைப் பாதி வேகத்தில் தாண்ட முடிகிறது என்பதுதான் என்று நான் சொல்வேன். சக்கரத்தைச் சுற்றவிட்டு வழி தேடவேண்டியதில்லை. அதனால் பாதையும் சிதையாது, வண்டியின் அடிப்பாகமும் பாறையில் குதித்து அடிபடாது. ஐடிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சற்று மேலே வைத்து ஊர்ந்து போங்கள்.

பின் லாக்கர் மட்டும் பூட்டியிருக்கும்போது வண்டி நேராகவே போகப் பார்க்கும். திருப்ப அதிக இடம் வேண்டும். முன் லாக்கரையும் பூட்டினால் ஸ்டியரிங் மிகக் கனமாகிவிடும், திருப்பிய சக்கரத்தை அது நேராக்க முயலும். ஆகவே வரிசை: முதலில் சென்டர், அடுத்து பின், கடைசியாக முன். எடுக்கும்போது முன் லாக்கர்தான் முதலில் போகவேண்டும். கெட்டியான, பிடியுள்ள தரை வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் லாக்கர் 4எல்-ல் மட்டும்தான் பூட்டும். அது தொந்தரவு என்று சிலர் வயரிங்கை மாற்றி 4ஹெச்-லும் (நான்கு சக்கர இயக்கம், ஹை ரேஞ்ச்) வேலை செய்ய வைக்கிறார்கள். மணலில் அதற்குத் தேவை உண்டு என்றாலும், வேகமாகப் போகும்போது மறந்து பூட்டிய நிலையில் ஒரு வளைவு வந்தால் என்னவாகும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: நிலத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

பாறை, படிக்கட்டு போன்ற ஏற்றம், ஆழமான குறுக்குப் பள்ளம் என்றால் லாக்கருக்கு இணை கிடையாது. சக்கரம் தூக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், வேகமும் வேண்டாம்.

மணலில் இரண்டைவிடவும் டயர் காற்றுதான் முக்கியம். 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டால், பல இடங்களில் லாக்கர் பொத்தானைத் தேடவே வேண்டியிருக்காது. வண்டியின் எடை, டயர், ரிம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்; குறைந்த காற்றில் வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் என்பதையும், சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். மணலில் பிரேக் பிடிக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேகத்தைத் தின்றுவிடுவதும் உண்டு. வண்டியில் மணலுக்கென்று தனி நிலை இருந்தால் அதைப் போடுங்கள். பின் லாக்கர், நின்ற இடத்திலிருந்து கிளம்ப உதவும். ஆனால் இரு சக்கரமும் சேர்ந்து தோண்டும் என்பதால், கிளம்பவில்லை என்றால் சட்டென்று காலை எடுக்கவேண்டும். இல்லையென்றால் ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும்.

சேற்றில் லாக்கர் நல்லதுதான், ஆழமான தடங்களில் நேராகப் போகும்வரை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் இங்கே கொஞ்சம் குழம்பும்: நான்கு சக்கரமும் ஒரே மாதிரி வழுக்கும்போது எதோடு எதை ஒப்பிடுவது?

பக்கவாட்டுச் சரிவுதான் பலரும் யோசிக்காத இடம். ஈரமான, சாய்ந்த பாதையில் குறுக்காகப் போகிறீர்கள். ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால், மறு சக்கரம் சுற்றாமல் தரையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வண்டியை நிறுத்தி வைக்கும். பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். சுற்றி வழுக்கும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி மிகக் குறைவு. பின்பக்கம் அப்படியே பள்ளத்தை நோக்கி நழுவும். இப்படிப்பட்ட சரிவில் லாக்கரை எடுத்துவிட்டு டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு போவதே நல்லது. பனிக்கட்டி படிந்த பாதைக்கும் இதே விதி.

செங்குத்தான இறக்கத்தில் முன் லாக்கர் போட்டு இறங்காதீர்கள், ஸ்டியரிங் அதிகம் தேவைப்படும் இடம் அது. இறக்கத்தில் தானாகவே பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் ஏபிஎஸ் பம்பை நம்பியதுதான். லாக்கர் பூட்டினால் அது செயல்படாமல் போகும் வண்டிகள் உண்டு.

படி 8: எது உடையும் என்று முன்பே தெரிந்து வையுங்கள்

லாக்கர் போட்ட ஆக்சிலில் மொத்த முறுக்குவிசையும் ஒரே ஷாஃப்ட் வழியாகப் போக முடியும். ஓப்பன் டிஃபரன்ஷியலில் அந்த ஷாஃப்ட் தாங்கவேண்டியது அதில் பாதிதான். அதனால் லாக்கர் போட்டு, பெரிய டயர் மாட்டி, சிக்கிக்கொண்ட இடத்தில் முழுதாக மிதிப்பவர்கள் ஆக்சில் ஷாஃப்டை முறித்துக்கொள்வது வழக்கம். முன் ஆக்சிலில், சக்கரம் திரும்பினாலும் அதற்குச் சக்தியைக் கடத்தும் இணைப்பான சிவி ஜாயின்ட்தான் பலவீனமான இடம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, முன் லாக்கரும் பூட்டி, சக்கரம் பாறையில் இறுகியிருக்கும்போது மிதித்தால் 'டக்' என்ற ஒரே சத்தம், கதை முடிந்தது. முன் லாக்கரோடு போகும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சமாவது நேராக்கிவிட்டு மிதியுங்கள்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலின் பலவீனங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சென்சார் வயரை ஒரு மரக்குச்சி இழுத்து அறுத்தால், ஏபிஎஸ் விளக்கு எரியும், டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அத்தோடு போய்விடும். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லையென்றாலும் அது தடுமாறும். பிரேக் பேட் வழக்கத்தைவிட வேகமாகத் தேயும். கிளம்பும் முன் பேட் தடிமனைப் பார்ப்பது, சென்சார் வயர்களை ஒழுங்காகக் கட்டி வைப்பது, இவ்வளவே இதற்கான பராமரிப்பு.

ஏர் லாக்கரில் காற்றுக் குழாயும் சீலும்தான் தொல்லை. கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடினால் எங்கேயோ கசிகிறது. ஆக்சில் பிரீதர் (ஆக்சிலுக்குள் அழுத்தம் சேராமல் வெளியேற்றும் சிறு குழாய்) வழியாகக் காற்றோ எண்ணெயோ வந்தால் கசிவு டிஃபரன்ஷியலுக்கு உள்ளே. வெளியே தெரியும் குழாய் என்றால் ஒரு இணைப்பானை மாற்றிச் சரிசெய்யலாம், அதனால் உதிரி இணைப்பான் ஒன்றைக் கருவிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

படி 9: எதற்குச் செலவழிப்பது

ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் பின்னால் பொருத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை. அங்கே கேள்வியே இல்லை, லாக்கர்தான். நல்ல டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள புதிய வண்டி என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் நல்ல டயர், காற்று இறக்கி ஏற்றும் கருவி, இழுவைக் கொக்கிகள். படி 5-இல் சொன்னபடி பொறுமையாக ஓட்டப் பழகிய பிறகும், தொடர்ந்து ஒரே மாதிரி இடங்களில் நிற்கிறீர்கள் என்றால் அப்போது லாக்கர்.

முன்னாலா பின்னாலா? பொதுவாக முதலில் பின்னால். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால், அழுத்தம் அதிகமுள்ள பின் சக்கரங்கள்தான் அதிகம் தள்ளும், ஸ்டியரிங்கும் பாதிக்கப்படாது. ஆனால் முன்னால் இரு சக்கரமும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், பின்னால் நீண்ட அசைவுள்ள திட ஆக்சில் என்று அமைந்த வண்டிகளில் அடிக்கடி தூக்கிக்கொள்வது முன் சக்கரம்தான். பின்னால் தொழிற்சாலை லாக்கர் ஏற்கெனவே இருந்தால், அடுத்த செலவு முன்னால் போவதில் நியாயம் உண்டு. சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு முன் ஆக்சிலில் தானியங்கி லாக்கர் வேண்டாம்.

வாங்கும் முன் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி: பின் லாக்கரைப் பூட்டினால் முன் ஆக்சிலின் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்னவாகிறது? சில வண்டிகளில் லாக்கர் பூட்டியதும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாமே அணைந்துவிடும். பின்னால் இரண்டு சக்கரமும் உறுதி, முன்னால் ஓப்பன். வேறு சில வண்டிகளில் பின் ஆக்சில் பூட்டியிருக்க, முன்னால் பிரேக் வழி உதவி தொடரும். இந்த இரண்டாவது அமைப்புதான் ஒரே லாக்கரில் கிடைக்கும் மிகச் சிறந்த ஏற்பாடு. முதல் வகை வண்டியில், சில தடைகளைப் பின் லாக்கர் போட்டுத் தாண்டுவதைவிட லாக்கர் இல்லாமல் நான்கு சக்கர டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு தாண்டுவது எளிதாக இருக்கும். ஒரே குறுக்குப் பள்ளத்தை இரண்டு முறையிலும் போய்ப் பார்த்தால் உங்கள் வண்டி எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

லாக்கர் பொருத்திய பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது மண் தரையில் பூட்டி, சில மீட்டர் நேராக ஓட்டி எடுங்கள். தண்ணீரில் ஆழமாக இறங்கி வந்திருந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்றிவிடுங்கள்.